ஏதாவது செஞ்சிருப்பான்

2024 அக்டோபரில் 'வேட்டையன்' வெளியான முதல் வாரம். கிள்ளானில் ஓர் அரங்கு, இரவுக் காட்சி. நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். என் இடது பக்கத்தில் தம்பி. சொந்தத் தம்பி இல்லை. எங்கள் அடுக்குமாடியில் இரண்டு மாடி கீழே இருக்கும் அக்காவின் மகன். அவன் பெயர் இங்கே வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன். எந்தப் படத்துக்குப் போனாலும் அவன் என் இடது பக்கத்தில்தான் உட்காருவான்.

நான் சினிமாவை ஆராய்கிறவன் இல்லை. மாதம் ஒன்றிரண்டு படம் பார்ப்பேன். முடிந்ததும் மாமாக் கடையில் உட்கார்ந்து, தே தாரேக் ஆறுவதற்குள் "ஓகேலா" அல்லது "இழுவை" என்று தீர்ப்பு எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அன்றைக்கு அப்படி முடியவில்லை.

படத்தின் தொடக்கத்தில் ரஜினி ஒரு ரவுடியை என்கவுன்டர் செய்கிறார். அரங்கே விசிலடித்தது. நானும் கை தட்டினேன். தம்பி எழுந்தே விட்டான். பிறகு கதை நகர்கிறது. பள்ளி ஆசிரியை ஒருவர் கொலை செய்யப்படுகிறார். குணா என்ற இளைஞன் மேல் பழி விழுகிறது. ஊரே அவனைச் சுடச் சொல்கிறது, ரஜினி சுடுகிறார். அப்புறம்தான் தெரிகிறது, அவன் அந்தக் கொலையைச் செய்யவில்லை. அரங்கில் சட்டென்று ஓர் அமைதி. முன்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் தொண்டை அடைத்தது.

வெளியே வந்த பிறகுதான் உறுத்தியது. இரண்டு பேரைச் சுட்டார்கள். ஒருவனுக்குக் கைதட்டினேன், ஒருவனுக்குக் கலங்கினேன். இரண்டு பேருமே நீதிமன்றத்தில் நிறுத்தப்படாமல் செத்தவர்கள். குணாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. முதலில் செத்தவனின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. குணா மட்டும் அந்தக் கொலையைச் செய்திருந்தால் எனக்கு வருத்தமே இருந்திருக்காதா?

மாமாக் கடையில் தம்பியிடம் கேட்டேன். "மொத ஆள சுட்டப்ப எழுந்து நின்னு தட்டுனியே, ஏன்டா?"

அவன் ரொட்டியைக் கிழித்தபடி சொன்னான். "அவன் யாருன்னே நமக்குத் தெரியாதேண்ணே."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். தம்பி சொன்னதால் விட முடியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த சில வாரங்களில் பழைய படங்கள் இரண்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 'வேட்டையன்' இயக்குநர் த.செ.ஞானவேலின் முந்தைய படமான 'ஜெய் பீம்' (2021). வெற்றிமாறனின் 'விசாரணை' (2016). முன்னது, நீதிபதி சந்துரு வழக்கறிஞராக இருந்தபோது 1993-இல் நடத்திய ஓர் உண்மை வழக்கிலிருந்து பிறந்தது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு செய்யாத திருட்டுக்காகக் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்படுகிறார். 'விசாரணை' கோவை ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நாவலைத் தழுவியது. குண்டூருக்குப் பிழைக்கப் போய்ப் பூங்காவில் படுத்துறங்கும் தமிழ் இளைஞர்களைப் பிடித்து, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள்.

இரண்டும் நல்ல படங்கள், இந்த முறையும் அழுதேன். ஆனால் மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. குணா, ராஜாக்கண்ணு, பூங்கா இளைஞர்கள் எல்லாருமே குற்றமற்றவர்கள். அதை முதலில் நமக்கு உறுதிப்படுத்திவிட்டுத்தான் அல்லது கடைசியில் நிரூபித்துவிட்டுத்தான் படம் நம் கண்ணீரைக் கேட்கிறது. இயக்குநர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் பார்வையாளனைத் தெரியும். 'அவன் என்ன செஞ்சான்?' என்று கேட்டு, 'ஒண்ணும் செய்யல' என்று பதில் வந்த பிறகே இரங்குகிற ஆள் நான்.

'விசாரணை'யின் பிற்பாதியில் கேகே என்று ஓர் ஆடிட்டர் வருகிறார். அரசியல்வாதிகளின் கணக்குகளைப் பார்த்தவர், கை சுத்தமில்லாதவர். அவரும் காவலில்தான் சாகிறார். அந்தச் சாவைத் தற்கொலையாக ஜோடிக்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது அது எனக்கு ஒரு கதைத் திருப்பம், அவ்வளவுதான். அடுத்து அந்த இளைஞர்களுக்கு என்ன ஆகுமோ என்றுதான் பதறினேன். ஒரு மனிதரைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டது என்னை ஒன்றும் செய்யவில்லை. வெற்றிமாறன் அவரை அங்கே வைத்துத்தான் இருந்தார். நான்தான் தாண்டிப் போய்விட்டேன்.

இனி தம்பியின் கதை.

பத்து வருடத்துக்கு முன்னால், அவனுக்குப் பத்தொன்பது வயதில், ஓர் இரவு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மோட்டார் சைக்கிள் திருட்டு. ஒன்பது மணி போல அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவருக்கு மலாய் அவ்வளவாக வராது. "பாலாய்க்கு வர்றியாய்யா? ஒரு வார்த்த பேசணும்" என்று கேட்டார்.

"இப்ப போனா உள்ள விடமாட்டாங்கக்கா. காலையில போவோம்" என்றேன்.

அது பொய் என்று சொல்ல முடியாது. விட்டிருக்க மாட்டார்கள்தான். ஆனால் நான் போகாததற்குக் காரணம் அது இல்லை. கதவைச் சாத்திவிட்டு என் அம்மாவிடம் சொன்னேன். "ஏதாவது செஞ்சிருப்பான். ஒரு ராத்திரி உள்ள இருந்தா புத்தி வரும்."

செய்துதான் இருந்தான். திருடிய மோட்டாரைப் பிரித்து உதிரிபாகங்களை விற்கிற கூட்டத்தில் இருந்தான். பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில மாதங்கள் சிறையிலும் இருந்தான். ஆனால் அந்த முதல் இரவு லோக்காப்பில் அடித்ததில் அவனுடைய இடது காது போய்விட்டது. அதனால்தான் என் இடது பக்கம் உட்காருகிறான். அப்போதுதான் வலது காது என் பக்கம் இருக்கும், நான் பேசுவது கேட்கும்.

மறுநாள் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் அக்கா சொன்னது இது: "எம்புள்ள திருடந்தான்யா. அதுக்கு உள்ள வைக்கட்டும். அடிக்கிறதுக்கு இவங்க யாரு?" அன்று எனக்கு அது ஒரு தாயின் புலம்பல். மூன்று படங்கள் பார்த்து முடித்த பிறகு தோன்றுகிறது, அந்தப் படங்கள் சொல்லத் தயங்கியதைத்தான் அக்கா சொல்லியிருக்கிறார். என் பிள்ளை எதுவும் செய்யவில்லை என்று அவர் வாதாடவே இல்லை.

எதிர்த்தரப்பில் இருப்பவர்களை நான் கேலி செய்யப்போவதில்லை. அதில் என் தங்கையும் இருக்கிறாள். வேலை முடிந்து வரும்போது இரண்டு பேர் மோட்டாரில் வந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கீழே விழுந்து முழங்கை உடைந்தது. புகார் செய்தோம், புகார் நகல் கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. "கெடச்சா சுடணும்" என்றாள். அன்று அவர்களில் ஒருவன் என் கையில் கிடைத்திருந்தால் நானும் அடித்திருப்பேன். என்கவுன்டர் காட்சிக்குக் கைதட்டுகிற பலர் கொடூரமானவர்கள் இல்லை. சட்டம் தங்களுக்கு வேலை செய்து ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, கால்நடை மருத்துவர் ஒருவர் வன்புணர்ந்து கொல்லப்பட்ட வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டபோது, மக்கள் போலீஸார் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம், கொல்லும் நோக்கத்துடனேயே அவர்கள் சுடப்பட்டதாக 2022-இல் சொன்னது. பூத் தூவியவர்களின் கோபம் உண்மையானது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் உண்மை.

ஆனால் என் கோபம் உண்மையானது என்பதாலேயே தீர்ப்பு என் கையில் இருக்கக்கூடாது. போலீஸ்காரர் கையிலும் இருக்கக்கூடாது. 'தவறானவனை அடித்துவிடக்கூடாது, அதனால் யாரையும் அடிக்கக்கூடாது' என்று சொல்வது எளிது. எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு லோக்காப்புக்குள் யார் குற்றவாளி என்று முடிவு செய்வது யார்? அடிக்கிறவர்தான். அதனால் குற்றம் செய்தவனைக் காப்பாற்றாத எந்த விதியும் செய்யாதவனையும் காப்பாற்றாது.

இதுவும் பாதி பதில்தான். உறுதியாகத் தெரிந்தால் அடிக்கலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தம்பி ஒரு நாள் தானாகவே சொன்னான். "மொதல்லயே ஒத்துக்கிட்டேண்ணே. பாகம்லாம் எங்க இருக்குன்னும் சொல்லிட்டேன். அப்புறமும் அடிச்சாங்க." உண்மையை வரவழைக்க அடித்தார்கள் என்றால் அது முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. மிச்ச இரவு எதற்கு? அடிக்கக் கிடைத்த உடம்பு அது, கேட்க யாரும் வரமாட்டார்கள். அவர்கள் நினைத்தது சரிதான். நான் போகவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் இல்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் ஐந்தாவது பிரிவு. ஏன் கைது செய்தார்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரோடும் உறவினரோடும் தொடர்புகொள்ள விட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவு. இரண்டையும் படித்துப் பார்த்தேன். 'அவர் எதுவும் செய்யாதவராக இருந்தால்' என்று எங்கும் இல்லை. சினிமா எனக்கு வைத்த நிபந்தனையைச் சட்டம் வைக்கவில்லை.

இந்த யோசனையோடு சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) படத்தையும் திரும்பப் பார்த்தேன். கெட்டது என்று பொருள்படும் மலாய்ச் சொல் நம் வாயில் திரிந்த வடிவம்தான் அந்தத் தலைப்பு. தொண்ணூறுகளில், தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் குடும்பம். அப்போய் என்ற பையன். படி படி என்று அடிக்கிற அப்பா, போதையில் விழுந்த ஒரு சித்தப்பா, குண்டர் கும்பலில் இருக்கிற இன்னொரு சித்தப்பா. பையன் மெல்ல மெல்ல எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதுதான் படம். அவன் அப்பாவி என்று படம் வாதாடவில்லை. தலைப்பிலேயே அவனைக் கெட்டவன் என்று ஒத்துக்கொண்டுவிட்டு, கூடவே நம்மை உட்கார வைக்கிறது. அப்போய் வளர்ந்து வேறொரு படத்துக்குள் போனால், தொடக்கக் காட்சியில் சுடப்படுகிற ரவுடி அவன்தான். நான் கைதட்டியிருப்பேன். அவன் யாரென்று எனக்குத் தெரிந்திருக்காது.

"படம்னா படம்தானே, கைதட்டுனா கொல செஞ்ச மாதிரியா?" என்று நண்பன் கேட்டான். இல்லை. கைதட்டியதால் யாரும் சாகவில்லை. ஆனால் அரங்கில் கைதட்டிய அதே மனதுதான் அன்றைக்கு வீட்டுக் கதவைச் சாத்தியது. ஏதாவது செஞ்சிருப்பான் என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எங்கிருந்தோ அது ஏற்கெனவே தயாராக இருந்தது.

தம்பி இப்போது டயர்க் கடையில் வேலை செய்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது. அந்த இரவைப் பற்றி நான் அவனிடம் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. அவன் அம்மா கேட்டும் நான் போகவில்லை என்பது அவனுக்குத் தெரியுமா என்றும் கேட்டதில்லை. இதை எழுதி முடித்ததும் அவனிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். சனிக்கிழமை ஒரு போலீஸ் படம் வருகிறதாம், டிக்கெட் எடுக்கட்டுமா என்று.

எடு என்று சொல்லியிருக்கிறேன். இடது பக்கம் அவனுக்கு.