சாவி தொங்கும் கதவுகள்

வெளியூரில் இருக்கும்போது என் மனத்தில் பாதி எப்போதும் காவலுக்கு நிற்கும். பேருந்தில் ஏறினால் பக்கத்தில் யார் என்று பார்க்கும். விடுதி அறையின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கும். பின்னால் வரும் காலடி என் வேகத்துக்கு ஏற்ப மாறுகிறதா என்று காது கொடுக்கும். மீதிப் பாதிதான் கோபுரத்தையும் கடலையும் பார்க்கும். பல ஆண்டுகளாக இதை என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். கோசோ தீவுக்குத் தனியே போனபோதுதான் இது சுபாவம் இல்லை, ஒரு வேலை என்பது புரிந்தது. சம்பளமில்லாத, விடுப்பில்லாத வேலை.

கோசோ மால்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவு. மொத்தப் பரப்பே 67 சதுர கிலோமீட்டர்தான். மால்டாவின் வடமுனையில் ஃபெரி ஏறினால் 25 நிமிடத்தில் இம்ஜார் துறைமுகம் வந்துவிடும். கிராமத்துக்குக் கிராமம் ஊரின் அளவுக்கு மீறிய தேவாலயம், அதன் முன்னே ஒரு சதுக்கம், பெஞ்சுகளில் பேச்சை முடிக்க அவசரமில்லாத பெரியவர்கள். சில வீடுகளில் வாசல் கதவுப் பூட்டில் சாவி வெளிப்பக்கமாகவே தொங்கும். தீவின் பழைய வழக்கம் அது. யாரும் தட்டலாம், திறந்து உள்ளே குரல் கொடுக்கலாம்.

வடகரையில் ஷ்வெய்னி என்ற இடத்தில் கடலோரப் பாறையையே குடைந்து உப்புப் பாத்திகள் வெட்டியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் கோடை மாதங்களில் அங்கே உப்பு எடுக்கின்றன. வெயிலில் நீர் வற்றியதும் விளிம்பில் வெள்ளை படரும்; துடைப்பத்தால் கூட்டிக் குவிப்பார்கள். ஒரு முற்பகல் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன். பையைக் காலால் அணைத்துக்கொள்ளவில்லை, திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளிலேயே நீரின் நிறம் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தது. இப்படி ஒரு பொருளை முழு மனத்தோடு பார்த்து எத்தனை காலமாயிற்று! காவலிலிருந்து விடுபட்ட அந்தப் பாதி மனத்தைக்கொண்டு நான் இதுவரை என்னென்ன பார்த்திருக்கலாம், படித்திருக்கலாம் என்று நினைத்தபோது வந்தது மகிழ்ச்சி அல்ல, கோபம்.

தீவுக்கு இந்த நிம்மதி பிறவியிலேயே வந்ததல்ல. 1551இல் ஒட்டோமான் கப்பற்படை இறங்கி, ஐயாயிரம் பேருக்கு மேல் அடிமைகளாகப் பிடித்துச் சென்றது. தீவு ஏறக்குறைய காலியானது. 1637 வரை மக்கள் இரவில் மலைமேல் இருக்கும் சிட்டடெல்லா கோட்டைக்குள்தான் உறங்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தக் கோட்டைக்குள் பெர்னார்தோ தெ ஒபுவோ என்பவர் பெயரில் ஒரு சந்து இருக்கிறது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தன் மனைவியையும் இரு மகள்களையும் வெட்டிவிட்டு, பிறகு போரிட்டு மாண்ட வீரர் என்று ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா என்ற எண்ணம் அந்தச் சந்தைக் கடந்த பிறகும் என்னை விடவில்லை.

காலம் மாறியது, கரைக்குக் கொள்ளையர் வருவது நின்றது, சாவி கதவுக்கு வெளியே வந்தது. ஆனாலும் எந்தத் தீவும் பெண்ணுக்கு உத்தரவாதம் தருவதில்லை. அதே மால்டா நாட்டின் ஸ்லீமா நகரில் 2022 ஜனவரியில் போலந்து மாணவி ஒருவர் பூங்காவில் கொல்லப்பட்டார். கோசோவில் என்னைக் காத்தது கடலோ அழகோ அல்ல. வாசலில் உட்கார்ந்து லேஸ் பின்னும் பாட்டியின் கண்ணும், சதுக்கத்துப் பெஞ்சின் கண்ணும்தான்.

அந்தக் கண்களுக்கு உள்ளூர்ப் பெண்கள் கொடுக்கும் விலையைச் சொன்னவர், நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள். “ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் நீ தைரியமாக நடக்கலாம்” என்றார். நீங்கள் நடப்பீர்களா என்று கேட்டேன். “நான் போனால் எங்கே, எதற்கு என்று பத்துப் பேர் கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டே நடப்பதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.” மால்டாவில் விவாகரத்து சட்டமானதே 2011இல், பொதுவாக்கெடுப்புக்குப் பிறகுதான். கோசோவில் பெரும்பான்மை வாக்கு அதற்கு எதிராக விழுந்தது. விருந்தாளியான எனக்குப் பாதுகாப்பாக இருந்த பார்வை, அவருக்கு வாழ்நாள் முழுவதும் விசாரணையாக இருந்திருக்கிறது. பயத்தால் கட்டிப்போடுவது, பாசத்தால் கட்டிப்போடுவது என்று இரண்டைத்தான் பெண்களுக்கு வைத்திருக்கிறோமோ என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். பார்த்துக்கொள்ளவும் வேண்டும், கேள்வி கேட்காமலும் இருக்க வேண்டும். ஓர் ஊரால் அது முடியும் என்றே நம்புகிறேன். அதற்குப் பழக வேண்டும்.

இந்த டிசம்பரில் என் அண்ணன் மகள் தனியாக ஹம்பி போகிறாளாம். யாருடன், எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். ரயிலடியிலிருந்து விடுதிக்கு எப்படிப் போவது என்று மட்டும் அவளோடு உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தேன்.