அலுமாரிக்கு மேல் இருந்தவர்

வெள்ளவத்தையில் என் பெரிய மாமாவின் வீட்டு அலுமாரிக்கு மேல், வெள்ளைச் சீலையில் சுற்றிய படமொன்று இருபத்தொரு வருடங்கள் இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தின்போது பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம், கப்பலில் காங்கேசன்துறைக்குப் போகுமுன் மாமாவிடம் ஒப்படைத்தவற்றுள் அதுவும் ஒன்று. அவ்வீட்டுப் பெரியவரின் உருவம். அவர் இறந்த பின் ஒரு சிறு புகைப்படத்தைப் பார்த்து, தியேட்டர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் ஒருவர் வரைந்தது. பெரியவரை அந்த ஓவியர் நேரில் கண்டதேயில்லையாம்.

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில் விடுமுறைக்கு அங்கு போன நான் மாமாவுடன் வாதாடினேன். உருவப்படம் உள்ள வீட்டில் மலக்குகள் நுழையமாட்டார்கள் என்ற ஹதீஸைச் சொன்னேன். புதிதாகப் படித்தவனின் சூடு! மாமா மறுக்கவில்லை. படத்தை அவர் சுவரில் மாட்டியதும் இல்லை.

"அவங்கட அப்பாவ நான் எங்கடா கொண்டு போய்ப் போட?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது என் சட்டைப்பையிலும் ஒரு முகம் இருந்தது. அந்த அடையாள அட்டை இல்லாமல் காலி வீதிச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. நிழற்படம் வேறு, கையால் வரைவது வேறு என்று உலமாக்களில் ஒரு சாரார் சொல்வதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாளில் சுல்தான் இரண்டாம் முஹம்மதின் படத்தைப் பற்றி வாசித்தேன். 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளை வென்ற அவர், வெனிஸிலிருந்து ஓவியரை வரவழைத்தார். 1479இல் வந்தவர் ஜென்டீலே பெல்லினி. படத்தில் 1480 நவம்பர் 25 எனத் திகதி உண்டு. அடுத்த மே மாதம் சுல்தான் வபாத்தானார். மகன் பாயஸீத், தந்தையின் ஓவியங்களைக் கடைத்தெருவில் விற்கச் செய்தார் என்பர். 1865இல் அப்படத்தை வெனிஸில் வாங்கியவர் ஹென்றி லெயார்ட். (1839இல் தரைவழியே இலங்கைக்கு வரப் புறப்பட்டு, மெசப்பொத்தேமியாவின் பழம்பொருட்களில் மனம் பறிகொடுத்து நின்றுவிட்டவர் இவர்தான்.) 1916இல் அது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு உரியதாயிற்று. இதற்கிடையில் முகத்தின் பெரும்பகுதி பிறர் கையால் மீளத் தீட்டப்பட்டுவிட்டது. இன்று பார்ப்பவன் காண்பது யாருடைய முகம்?

பாயஸீதை நான் குறைசொல்லமாட்டேன். பேணுதலான மனிதர், தந்தையின் சொத்தில் வாரிசுக்கு உரிமையும் உண்டு. ஆயிஷா நாயகி உருவங்களுள்ள திரையை வெட்டித் தலையணையாக்கினார்கள். அது அவர்களுடைய திரை. மாமாவிடம் இருந்ததோ அடுத்த வீட்டாரின் தகப்பன். என் பேணுதலுக்கான விலையை அடுத்தவர் பொருளால் கொடுக்கச் சொல்லியல்லவா வாதாடியிருக்கிறேன்! இது உறைக்க எனக்குச் சில வருடங்கள் எடுத்தன.

2004இல் பெரியவரின் மகள் கனடாவிலிருந்து வந்தார். அன்று நானும் அங்கிருந்தேன்.

"சுவரிலை மாட்டேல்லையோ ஹாஜியார்?"

"இல்ல மகள். எங்கட மார்க்கத்தில அது கூடாது."

அவர் ஒன்றும் பேசவில்லை. சீலையை அவிழ்த்து நெடுநேரம் பார்த்திருந்தார். தகப்பன் போகும்போது அவருக்கு நான்கு வயதாம். அப்பா என்றால் இந்த முகம்தான் நினைவில் வருமாம். பிறகு சீலையைத் தடவினார். அதில் சவர்க்கார வாசம்.

"ஒவ்வொரு நோன்புக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கக்குள்ள கழுவிச் சுத்துவன். கறையான் புடிச்சிருமே" என்றார் மாமி.

அந்தச் சீலையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.