மன்னிக்கும் உரிமை யாருக்கு?

ஒருவர் இழைத்த கொடுமையை அவர் பிற்காலத்தில் ஆற்றும் பொதுப்பணி ஈடுசெய்யுமா என்னும் அறவியல் வினா, ஜெர்மானிய டாங்கிப் படைத் தளபதி ஹாஸ்ஸோ ஃபொன் மான்டொய்ஃபெலின் (1897–1978) வாழ்க்கையில் தவிர்க்க முடியாத வடிவம் பெறுகிறது. 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டுப் பகுதியில் தொடங்கிய பெருந்தாக்குதலில் ஐந்தாம் டாங்கிப் படைக்குத் தலைமை தாங்கிய அவர், போருக்குப்பின் சுதந்திர ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து, 1953 முதல் 1957 வரை மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்றமான புண்டெஸ்டாகில் உறுப்பினராக இருந்தார்.

1959இல் டுசல்டோர்ஃப் நீதிமன்றம் அவருக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 1944இல் பத்தொன்பது வயதுப் படைவீரன் ஒருவனுக்கு இராணுவ நீதிமன்றம் சிறைத்தண்டனை மட்டுமே வழங்கியிருக்க, அதனை மீறி அவனைச் சுட்டுக்கொல்லும்படி அவர் ஆணையிட்டார் என்பதே வழக்கு. தண்டனைக் காலம் முடியுமுன்பே அவர் விடுவிக்கப்பட்டார்.

இவ்வழக்கை எடைபோட ஒரு பகுப்பு உதவும். 1945–46 குளிர்காலத்தில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய தத்துவஞானி கார்ல் யாஸ்பர்ஸ் குற்றத்தை நான்காகப் பகுத்தார்: சட்டத்தை மீறும் குற்றத்தை நீதிமன்றம் விசாரிக்கும், அரசின் செயல்களுக்காகக் குடிமக்கள் ஏற்கும் அரசியல் பொறுப்பை வென்றவர்கள் வரையறுப்பர், தனிமனிதரின் அறக்குற்றத்துக்கு அவரது மனச்சான்றே மன்றம், பிறர் அழிக்கப்படுகையில் தான் பிழைத்திருப்பதனாலேயே ஒருவரைப் பற்றும் குற்றத்துக்கு, அதாவது மீமெய்யியல் குற்றத்துக்கு, கடவுள் ஒருவரே நடுவர்.

இப்பகுப்பின் வலிமை, ஒரு மன்றத்தின் தீர்ப்பு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது என்பதில் உள்ளது. வாக்காளர்கள் ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பலாம். அரசு தண்டனையைக் குறைக்கலாம். பழைய பகைவர்களான அமெரிக்கர்களே மான்டொய்ஃபெலைத் தங்கள் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் உரையாற்ற அழைக்கலாம், அவ்வாறே அழைக்கவும் செய்தனர். இவை யாவும் அவரது திறமைக்கோ பணிக்கோ கிடைத்த மதிப்பேயன்றி, அந்த இளைஞனின் சார்பில் வழங்கப்பட்ட மன்னிப்பு அல்ல.

போர்க்கால நெருக்கடி, மேலிடத்து ஆணை, படையின் கட்டுப்பாடு ஆகியவை இத்தகைய வழக்குகளில் வழக்கமாகக் கூறப்படும் சமாதானங்கள். ஆயினும் இங்கே அவை பெரிதும் வலுவிழக்கின்றன. ஏனெனில் அதே போரில், அதே இராணுவச் சட்டத்தின்கீழ் அமர்ந்த நீதிபதிகள், அவன் உயிரோடிருக்க இடம்தரும் தீர்ப்பை ஏற்கெனவே எழுதி அவர்முன் வைத்திருந்தனர். அதனை அப்படியே விட்டுவிடுவதற்குத் தனியான வீரமோ கலகமோ தேவைப்பட்டிருக்காது.