கையெழுத்து யாருடையது?

வேடசந்தூரில் புகையிலைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து போனது. களை வெட்டுகிற பெண்ணும் பூட்டுப் பட்டறைக்காரரும் மடியில் போயிலைத் துண்டை முடிந்துவைப்பது இந்தச் சமவெளியில் நேற்று வந்த பழக்கமில்லை. ஆறாத வாய்ப்புண்ணோடு ஒரு பெரியவர் மதுரைக்கு பஸ் ஏறுவதும் அப்படித்தான். வாய்ப்புற்று என்று கண்டு, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து உண்டு என்ற பேச்சு மட்டும், அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு மகனிடம் நடக்கிறது. "அவருக்குத் தெரிய வேண்டாம் சார், பயந்துடுவார்." படிவத்தில் மகன் கையெழுத்துப் போடுகிறார்.

இது சரியா?

மகனின் அன்பைக் குறை சொல்ல முடியாது. பயந்து ஊர் திரும்பி, பச்சிலை வைத்தே நாளைக் கடத்தியவர்களை எல்லா ஊரும் பார்த்திருக்கிறது. தயக்கம் உயிரைக் கேட்கும். தொடக்கநிலை வாய்ப்புற்றில் கழுத்து நெறிகளையும் அப்போதே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் 3 ஆண்டு கழித்தும் உயிரோடிருந்தார்கள். நெறி கட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டவர்களில் 67.5 சதவீதம்தான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வு இது. அறுவை சிகிச்சையை ஒட்டிய ஒரு மாதத்துக்குள் இறப்பவர்களோ, தேர்ந்த மருத்துவமனைகளில் பெரும்பாலும் 100க்கு ஓரிருவர்.

அந்த ஓரிருவரைத் தலையெழுத்து என்று தள்ளிவிட முடியாது. பல வருடப் புகையில் கெட்ட நுரையீரல், அடைத்த இதயக் குழாய், விழுங்க முடியாமல் வற்றிய உடம்பு இவற்றோடு மேசைக்குப் போகிறவருக்கே ஆபத்து அதிகம். எச்சில் மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா வரும். தைத்த இடம் கசிந்து சீழ் பிடித்தால் கழுத்தின் பெரிய ரத்தக்குழாயே வெடிக்கக்கூடும். இதில் ஒரு பங்கைக் குறைப்பது நோயாளி கையில் இருக்கிறது: புகையிலையை முன்னாலேயே விடுவது, மூச்சுப் பயிற்சி செய்வது, மூக்குக் குழாய் வழியாவது சத்து ஏற்றிக்கொள்வது. ஒன்றும் தெரியாதவர் எதற்காக விடுவார்? வார்டுக்கு வெளியே போய் ஒரு பீடி பற்றவைப்பார். அவரைக் காக்க மறைத்த உண்மை அவருக்கே எமனாகிறது.

மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் அதோடு நிற்கட்டும். இந்த நோய்க்கே உரிய கொடுமை ஒன்று உண்டு. நாக்கை எடுக்க நேரலாம், குரல்வளையை எடுக்க நேரலாம், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க நேரலாம். நிலைமை மோசமாகி வென்டிலேட்டரில் கிடக்கும்போது, இன்னும் தொடரவா என்று கேட்டால் பதில் சொல்ல அவருக்குக் குரல் இருக்காது. வாய்விட்டுப் பேசக்கூடிய கடைசி நாட்களில்தான் அவரை வெளியே உட்கார வைக்கிறோம்.

"எனக்கு எதுவும் சொல்ல வேணாம், மகன்கிட்ட பேசுங்க" என்று அவரே சொன்னால் அது வேறு. அதுவும் அவர் எடுத்த முடிவுதான். அதற்கும் முதலில் அவரைக் கேட்டாக வேண்டும்.

மகனையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்பா திரும்பாமல் போய்விட்டால், காரியம் முடிந்து உறவெல்லாம் ஊருக்குப் போன பிறகும், "நான்தானே கையெழுத்துப் போட்டேன்" என்பது அவரை விடாது. அந்தப் பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்ற அந்தப் பெரியவர் ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டார். அவரை யாரும் கேட்கவில்லை.