திருமந்த்ரமும் நம் முயற்சியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆசார்ய ஸம்பந்தம் பெற்ற நாம் அஷ்டாக்ஷரத்தை நாள்தோறும் 28 முறையோ 108 முறையோ ஜபிக்கிறோம். எண்ணிக்கை நிறைகிறது, நெஞ்சமோ அதற்குள் எங்கெங்கோ சென்று வருகிறது. இங்கே இரண்டு ஐயங்கள் எழும். மனம் ஒன்றாமல் ஜபிப்பது தகுமோ? மனத்தை ஒன்றுவிக்க நாம் பாடுபட்டால், எம்பெருமானே உபாயம் என்னும் உறுதிக்கு அது முரணாகாதோ?

தன்னை மனனம் செய்பவனைக் காப்பது மந்த்ரம் என்பர் பெரியோர். மனனமாவது பொருளை நினைத்தல். சரணாகதி கத்யத்தில் எம்பெருமான் நம் உடையவரை நோக்கி, த்வயத்தை அர்த்தாநுஸந்தானத்தோடு சரீரம் விழுமளவும் சொல்லிக்கொண்டு திருவரங்கத்திலேயே ஸுகமாக இருக்கும்படி நியமித்தருளுகிறான். உதட்டளவில் நின்றுவிடுதல் தகாது என்பது இதனால் தெளிவு. ரஹஸ்யார்த்தத்தைப் பெறுவதற்காக உடையவர் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை எழுந்தருளினார் என்று குருபரம்பரை கூறும்.

அந்த நடைதான் அர்த்தத்தைப் பெற்றுத் தந்த விலையோ எனில், அன்று. திருமங்கையாழ்வாரை நினைப்போம். மணவாளக் கோலத்தில் வந்த எம்பெருமானை வழிமறித்து, கவர்ந்த ஆபரண மூட்டையைத் தூக்க முடியாமல், வாளை ஓங்கி மந்த்ரத்தைக் கேட்டவர் அவர். அவருக்கும் அவன் திருமந்த்ரத்தை உபதேசித்தான். பலகால் நடந்தவரும் வழிமறித்தவரும் பெற்றது க்ருபையாலேயே. பசித்தவன் உண்ணும் சோற்றுக்கு அவன் பசி விலையாகாது. ஆயினும் பசியில்லாதவனுக்குச் சோறு சுவைக்காது. நம் முயற்சி அந்தப் பசியைப் போன்றது.

இந்தத் தெளிவு திருமந்த்ரத்தின் நடுவிலேயே இருக்கிறது. 'நம:' என்பதற்கு 'எனக்குரியேன் அல்லேன்' என்று நம் பூர்வாசார்யர்கள் பொருள் அருளிச்செய்தனர். 'இன்று மனம் ஒருமித்து ஜபித்தேன்' என்னும் செருக்கையும் அப்பதம் கழிக்கிறது. 'என்னால் ஒருமிக்க முடியவில்லையே, எனக்குப் பேறு உண்டோ' என்னும் கலக்கத்தையும் கழிக்கிறது. இரண்டிலும் 'என் செயல்' என்னும் எண்ணமே ஒளிந்திருக்கிறது.

ஆகையால் நெஞ்சம் விலகிச் சென்றால் நம்மை நொந்துகொள்ள வேண்டா. ப்ரணவத்தில் அவனுக்கே உரியோம் என்றும், நமஸ்ஸில் நம்மைக் காப்பவன் அவனே என்றும், நாராயண பதத்தில் அவனுக்குக் கைங்கர்யம் செய்வதே நம் பேறு என்றும் நினைவை மெல்ல மீட்போம். நூறு முறை விலகினால் நூறு முறையும் மீட்போம். அந்த மீட்பை ஸாதனமாகக் கொள்ளாமல் அவன் உகப்புக்குச் செய்யும் கைங்கர்யமாகக் கொள்வதே ப்ரபந்நர்க்கு அழகு.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்