சத்தம் பொய் சொல்லுமா?

தாயில்பட்டி பட்டாசுச் சத்தத்துக்குப் பழகிய ஊர். ஆனால் பகல்வேளையில் ஜன்னல் அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால், எல்லாரும் வாசலுக்கு வந்து புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்ப்பார்கள். "எந்தப் பயராபீசு?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்து, வேலைக்குப் போனவருக்குப் போன். அந்தப் பக்கம் "ம், சொல்லு" என்று குரல் கேட்கிறவரை மூச்சு வராது.

அங்கே சத்தம் ஒரு சாட்சி. எங்கேயோ மருந்து எரிந்திருக்கிறது என்று அது சொன்னால், எரிந்திருக்கிறது.

கார் எஞ்சினின் உறுமலும் அப்படி ஒரு சாட்சியாகத்தான் இருந்தது. சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்தது, அதனால் சத்தம் வந்தது. 2011ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 காரில் இது மாறியது. டர்போ, எஞ்சின் சத்தத்தை அமுக்கிவிட்டது. கதவும் கண்ணாடியும் மிச்சத்தை வெளியிலேயே நிறுத்திவிட்டன. எனவே ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கு ஏற்ப, பாட்டு கேட்கிற அதே ஸ்பீக்கர்களில் எஞ்சின் சத்தத்தை ஒலிக்கவிட்டார்கள். 2023ல் வந்த ஹூண்டாய் ஐயானிக் 5 என் இன்னும் ஒரு படி மேல். அது மின்கார், எஞ்சினும் இல்லை, மாற்றுவதற்கு கியரும் இல்லை. ஆனால் விரும்பினால் கியர் மாறுகிற சத்தமும் வரும், கூடவே ஒரு குலுக்கலும் வரும்.

"காசு குடுத்து ஏமாறணுமா?" என்று கார்ப் பிரியர்கள் கொதித்தார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் எல்லாச் செயற்கைச் சத்தமும் ஏமாற்று அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து புதிய மின்கார்கள் எல்லாம் 20 கிலோமீட்டர் வேகம்வரை வெளியே கேட்கும்படி ஒலி எழுப்பியாக வேண்டும். பார்வையற்ற ஒருவர் ரோட்டைக் கடக்கும்போது "நான் வர்றேன்" என்கிறது அது. குல்பி ஐஸ்காரரின் மணி மாதிரி, அது உண்மையைத்தான் சொல்கிறது. மகிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்திய மின்கார்களுக்கு ஒலிகளை அமைத்தவர் ஏ.ஆர்.ரஹ்மான். அதை யாரும் எஞ்சின் என்று நம்பப்போவதில்லை. வள்ளி திருமணம் நாடகத்தில் ராஜபார்ட்டின் கிரீடம் ஜிகினா என்று நமக்குத் தெரியாதா என்ன? தெரிந்தே ரசித்தால் கூத்து; தெரியாமல் மறைத்தால் பொய். ஸ்பீக்கரை அணைக்க ஒரு பட்டன் இருக்கிறதா, அதை வாங்குபவரிடம் சொன்னார்களா என்பதுதான் வித்தியாசம்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் 'நிஜம்தான் உசத்தி' என்ற நம் எண்ணம் மட்டும் உறுத்துகிறது. பட்டாசின் சத்தம் நிஜம். சட்டப்படி 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல்வரை போகலாம். அந்த நிஜத்தின் பின்னால் அலுமினியப் பொடி அப்பிய கைகள் இருக்கின்றன; ஒரு உராய்வு போதும். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஏறத்தாழ 40 பேர். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று 20 பேருக்கு மேல். ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் போட்டால் "இதெல்லாம் ஒரு வெடியா?" என்று நாம்தான் உதட்டைப் பிதுக்குவோம். நிஜத்தின் மீது நமக்குள்ள ஆசைக்கு விலை கொடுப்பவர் வேறு யாரோ. பெட்ரோல் காரின் புகையைச் சுவாசிப்பவரும் அதை ஓட்டுபவர் மட்டும் அல்லவே.

தாயில்பட்டிப் பக்கம் பயராபீசில் பல வருஷம் திரி முறுக்கிய ஒரு அக்காவிடம் இந்தக் கார் கதையைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் சிரித்துவிட்டார்.

"சத்தம் மட்டும் வரும், உள்ள ஒண்ணும் வெடிக்காதா? அப்ப நல்லதுதான தம்பி."

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "ஆனா பட்டாசும் அப்படி ஆயிருச்சுன்னா, எங்களுக்கு என்ன வேல இருக்கும்?"

முதல் பேச்சுக்குத் தலையாட்டினேன். இரண்டாவதுக்கு என்னிடம் பதில் இல்லை.