எதற்குக் கைதட்டுகிறோம்?

2016 ஜூலை 22, ‘கபாலி’ வெளியான நாள். சென்னையில் விடியும் முன்பே காட்சி, கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம். இங்கேயும் கொண்டாட்டம்தான். நம் மலாக்காவிலும் எடுத்த படமாச்சே!

ஆனால், இரண்டு நாட்டிலும் முடிவு ஒன்றல்ல. தமிழ்நாட்டில் திரை இருண்டு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மலேசியாவில், குண்டர் கும்பல் தலைவரான கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்தில் ஒரு வரி போட்டார்கள்.

சட்டத்துக்கு மேல் யாருமில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் இரண்டரை மணி நேரம் கோட்டுக்கும் துப்பாக்கிக்கும் விசில் அடித்த மனசை, ஒரே ஒரு வரி மாற்றிவிடுமா?

எனக்கு அந்தத் துப்பாக்கிச் சத்தம்தான் பெரிய பாடமாகப் படுகிறது. சுட வருபவன், கபாலி நடத்தும் பள்ளியில் படித்த பையன். பையனைத் திருத்தப் பள்ளி நடத்தியவரின் கையிலும் துப்பாக்கி இருந்ததே! பிள்ளைகள் நாம் சொல்வதைவிட, செய்வதைத்தான் பார்த்துப் பழகுவார்கள். வினைப்பயன் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தானே?

படத்தின் முடிவைத் தணிக்கை வாரியம் மாற்றலாம். எந்தக் காட்சிக்குக் கைதட்டுவது என்பது நம் பொறுப்பு. பக்கத்து இருக்கையில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அவன் நம்மைப் பார்த்துத்தான் கைதட்டுவான்.